வெண்ணெய் என்று பெயர் போட முடியாத டப்பா

ஏப்ரல் 29, 2024, திங்கள் – பிராக்

வந்து இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் செக் நாட்டுக் காசான கொருனாவில் 450 கைவிட்டுப் போயிற்று. தங்கை மகன் இங்கே முதுகலை படிக்கிறான். அவன் ஸ்டேஷனுக்கு வர அரை மணி தாமதம். அதற்குள் கையில் உள்ளூர்க் காசு இருக்கட்டுமே என்று பக்கத்துத் தெருவில் ஒரு நாணய மாற்றுக் கடையில் 100 யூரோவை நீட்டினேன். எண்ணி வைத்தது 2,050 கொருனா. அன்றைய விலைக்குக் கிட்டத்தட்ட 2,500 வந்திருக்க வேண்டும்.

பையன் வந்தான், ரசீதைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மூணு மணி நேரம் ஆகலீங்கல்ல? வாங்க பெரியம்மா" என்று என்னைத் திரும்பக் கூட்டிப் போனான். மாற்றிய காசை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்து, கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளலாம் என்று 2019ல் இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். கவுன்ட்டர் பெண் ஒரு வார்த்தை பேசாமல் என் யூரோ நோட்டைத் திருப்பித் தந்தாள். நாலு தெரு தள்ளி இன்னொரு கடையில் சரியான விலைக்கு மாற்றினோம். ஒரு கொருனா நம் ஊர்க் காசுக்கு மூன்றரை ரூபாய் வருகிறது.

செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து மே 1ஆம் தேதியோடு 20 வருடம் முடிகிறது. பிறகும் ஏன் தனிக் காசு? சேரும்போது போட்ட ஒப்பந்தப்படி இவர்களும் ஒருநாள் யூரோவுக்கு மாற வேண்டியவர்கள்தான். ஆனால் எந்த நாளில் என்று ஒப்பந்தத்தில் இல்லை, இவர்களும் சொல்லவில்லை.

ராத்திரி பையனின் வீட்டுக்காரப் பாட்டி உருளைக்கிழங்கு சூப் வைத்திருந்தார். காய்ந்த காளான், பூண்டு, மார்ஜோரம் என்ற ஒரு காய்ந்த இலை, மிதமான காரம். பாட்டிக்கு 74 வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் 30 வருடம் வேலை பார்த்தவர். ஆங்கிலம் தெரியாது. பள்ளியில் கட்டாயமாகப் படித்தது ரஷ்ய மொழி. பையன்தான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான்.

கடையில் நடந்ததைச் சொன்னேன். பாட்டி தன் அம்மாவின் கதையைச் சொன்னார். 1953 மே கடைசியில் அப்போதைய ஜனாதிபதி ஸாபோடோட்ஸ்கி ரேடியோவில் பேசி, நம் காசு உறுதியாக இருக்கிறது, மாற்றம் எதுவும் கிடையாது என்று நாட்டுக்கே சொன்னாராம். ஒன்றிரண்டு நாளில் பழைய காசு செல்லாது என்று அறிவிப்பு. கையில் இருந்த ரொக்கத்தில் ஆளுக்கு 300 கொருனா வரைக்கும் ஐந்துக்கு ஒன்று. அதற்கு மேல் இருந்ததெல்லாம் ஐம்பதுக்கு ஒன்று. தையல் மெஷின் வாங்க அம்மா சேர்த்து வைத்த காசுக்கு, பாட்டி சொன்னபடி, ஒரு ஜோடி குழந்தைச் செருப்பு வந்தது. செருப்பு பாட்டிக்குத்தான். அப்போது அவருக்கு மூன்று வயது.

"காசை மாத்தறோம்னு எவன் சொன்னாலும் எனக்கு வயித்தைக் கலக்கும்" என்றார். யூரோ மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மாற்றுகிற கை யாருடையது என்ற கேள்விதான் அவருக்கு.

ஏப்ரல் 30, செவ்வாய் – பிராக்

நல்ல வெயில். ஒரு வாரம் முன்னால் இங்கே உறைபனி அடித்தது என்று சொன்னால் நம்ப முடியாது.

டிராமில் ஒன்றரை மணி நேரத்துக்கான டிக்கெட் 40 கொருனா. உள்ளே ஒரு சத்தம் கிடையாது. போனில் பேசினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறார்கள். நான் ஏறியதும் காதில் வளையம் போட்ட ஒரு பையன் எழுந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான். எனக்காகத்தான் எழுந்தான் என்று புரியவே ஒரு நிறுத்தம் ஆயிற்று. நன்றி சொன்னால் கூச்சப்படுகிறார்கள்.

பழைய நகரச் சதுக்கத்தில் எல்லாரும் அண்ணாந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் என்னைத் தரையைப் பார்க்கச் சொன்னான். கருங்கல் தளத்தில் வெள்ளைக் கல்லால் பதித்த 27 சிலுவைகள். 1620ல் வெள்ளை மலைப் போரில் வியன்னாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்துப் படையிடம் தோற்ற மறு வருடம், ஜூன் 21 அன்று, இந்த நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் தலைவர்கள் 27 பேர் இந்த இடத்தில் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து 1918 வரைக்கும் ஆட்சி வியன்னாவில் இருந்து. நடுவில் 20 வருடம் சொந்த நாடு. பிறகு 1938ல் மியூனிக். ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் நாலும் உட்கார்ந்து இந்த நாட்டின் ஓரத்தை வெட்டி ஹிட்லருக்குக் கொடுத்தன. யாருடைய நாடோ அவர்களை அந்த அறைக்குள் சேர்க்கவில்லை. அடுத்து மாஸ்கோ. 1968 ஆகஸ்ட் 21 அன்று சோவியத் தலைமையில் "நட்பு நாட்டு"ப் படைகள் டாங்கியோடு வந்து நின்றன. வாட்ஸ்லாவ் சதுக்கத்தின் மேல்கோடியில் இருக்கிற தேசிய அருங்காட்சியகத்தைச் சுட்டார்கள்.

மியூனிக்கில் இருந்து இவர்கள் வாயில் ஒரு சொல் தங்கிவிட்டது: ஓ நாஸ் பெஸ் நாஸ். நம்மைப் பற்றி, நாம் இல்லாமல். ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் பிடிக்காத முடிவு எது வந்தாலும் இந்தச் சொல் வந்துவிடும் என்று பையனோடு ஆய்வகத்தில் வேலை செய்கிற ஒரு பெண் சொன்னாள். சாயங்காலம் அவர்களோடு சூனியக்காரி எரிப்புக்குப் போயிருந்தோம். குளிர்காலத்தை வழியனுப்ப வைக்கோல் பொம்மையைக் கொளுத்துகிற வழக்கம், நம் போகி மாதிரி. குழந்தைகள் குச்சியில் சாசேஜ் குத்தி வாட்டினார்கள். நான் பொரித்த சீஸ் சாப்பிட்டேன், 160 கொருனா. ரொட்டித்தூள் பூசி எண்ணெயில் போட்ட கனத்த துண்டு. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு 24 வயது. "எனக்கு எல்லைச் சாவடியே ஞாபகம் இல்லை. ஆனா அந்தச் சொல் எங்க தாத்தாகிட்டருந்து எனக்கு வந்திருக்கு" என்றாள்.

மே 1, புதன் – பிராக்

ஒன்றியத்தில் சேர்ந்து இன்றோடு 20 வருடம். ஊர் முழுக்கக் கொடி கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். பெட்ரீன் குன்றில் இளசுகள் மரத்தடியில் முத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். மே முதல் நாள் பூத்த செர்ரி மரத்தடியில் முத்தம் வாங்காத பெண் அந்த வருடம் வாடிப்போவாள் என்று நம்பிக்கை. இந்த வருடம் பூ முன்னாடியே பூத்து உதிர்ந்துவிட்டது. வெறும் இலைக்கடியில் முத்தம். அதற்கும் வரிசை.

மத்தியானம் பாட்டியின் தோட்ட வீட்டுக்குப் போனோம். வாதுமை மரத்தின் புது இலை முழுக்கக் கறுத்துத் தொங்கியது, தீயில் காட்டி எடுத்த மாதிரி. போன வாரத்து உறைபனி. பாட்டி ஒரு இலையைத் தொட்டார், பொடிந்து விழுந்தது. "இந்த வருஷம் கேக்குக்குக் கொட்டை கிடையாது" என்று சொல்லிவிட்டு ரொட்டி எடுக்க உள்ளே போனார்.

மேஜை மேல் வைத்த ஒரு டப்பா என்னைப் பிடித்துக்கொண்டது. ரோஹ்லீக் என்ற நீளமான பன்னைப் பிளந்து, அந்த டப்பாவில் இருந்து வெள்ளையாக, கெட்டித் தயிருக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் இருக்கிற ஒன்றைத் தடவினார். மேலே முள்ளங்கி, உப்பு. நான் ஊத்துக்குளிக்காரி. அப்பாவுக்கு வெண்ணெய் மண்டி. பத்து வயதில் வெண்ணெயை இரண்டு விரலில் நசுக்கி டால்டா கலந்ததைச் சொல்வேன். இதை நாக்கில் வைத்ததுமே கேட்டேன், இது வெண்ணெய் இல்லையே?

பாட்டி சிரித்துவிட்டு டப்பாவைத் திருப்பிக் காட்டினார். பையன் படித்தான்: ட்ரடிச்னீ பொமஸான்கோவெ. பாரம்பரியத் தடவும்... அவ்வளவுதான். என்ன தடவுவது என்று இல்லை. பெயர் பாதியில் நிற்கிறது. முன்பு அந்த இடத்தில் மாஸ்லோ, அதாவது வெண்ணெய், என்ற சொல் இருந்தது. 1970களில் இருந்து இந்த நாட்டுக் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போன சாமான் இது. புளித்த பாலேட்டில் பால்பவுடரும் மோர்ப்பவுடரும் சேர்த்துச் செய்வது. கொழுப்பு 30 சொச்சம் சதவீதம். ஒன்றியத்தின் சட்டப்படி வெண்ணெய் என்று சொல்ல 80 சதவீதப் பால்கொழுப்பு வேண்டும். விலக்குக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. வழக்கு லக்ஸம்பர்கில் ஒன்றியத்தின் நீதிமன்றம் வரைக்கும் போய், 2012 அக்டோபரில் செக் அரசு தோற்றது.

எனக்கு இதில் இரண்டு மனது. வியாபாரி வீட்டுப் பெண்ணாகச் சொன்னால் சட்டம் சரி. வெண்ணெய் என்று எழுதினால் உள்ளே வெண்ணெய் இருக்க வேண்டும். கலப்படக்காரனோடு மல்லுக்கட்டியே அப்பாவின் பாதி ஆயுள் போயிற்று, இப்படி ஒரு சட்டம் அவருக்குக் கிடைத்திருந்தால் கும்பிட்டிருப்பார். ஆனால் கலப்படக்காரன் ஏமாற்றுகிறான், இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிரிட்டன்காரர்களின் பிராந்தி வெண்ணெய்க்கு விலக்குப் பட்டியலில் இடம் இருந்திருக்கிறது, நிலக்கடலை வெண்ணெய்க்கும் இருக்கிறது. முதலில் சேர்ந்தவர்களின் பழக்கம் பட்டியலில் ஏறிவிட்டது, பிறகு வந்தவர்களின் பழக்கம் வாசலில் நிற்கிறது. பாட்டிக்கு வலிக்கிற இடம் அதுதான், எனக்கும் வலித்தது.

ரம்முக்கும் இதே கதி. கரும்பு விளையாத நாட்டில் உருளைக்கிழங்கிலும் சர்க்கரை பீட்டிலும் எடுத்த சாராயத்துக்கு வாசனை சேர்த்து ரம் என்று விற்றார்கள். கரும்பில் வந்தால்தான் ரம் என்றது சட்டம். இப்போது துஸெமாக், "உள்ளூரான்", என்ற பெயரில் வருகிறது. பாட்டியின் கிறிஸ்துமஸ் பலகாரத்தில் அது இல்லாமல் இருக்காது.

குறைபட்டது பலித்த கதையும் பாட்டியே சொன்னார். ஒரே டப்பா, ஒரே படம். ஜெர்மனியில் விற்கிற மீன் வறுவலில் மீன் அதிகம், இங்கே குறைச்சல். செக் ஆய்வகங்கள் வாங்கிச் சோதித்துப் பார்த்தன. நாங்கள் என்ன இரண்டாம் தர ஆட்களா என்று இவர்களும் அக்கம்பக்கத்து நாடுகளும் சேர்ந்து கேட்டன. 2019ல் ஒன்றியமே அதற்கு எதிராகச் சட்டத்தைத் திருத்தியது.

ஒன்றியத்தில் சேரலாமா என்ற 2003 ஜூன் வாக்கெடுப்பில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வந்தவர்களில் 77 சதவீதம் பேர் சரி என்று போட்டார்கள். வந்ததே 55 சதவீதம். பாட்டி சரி என்று போட்டவர். கணவர் போகவே இல்லை. ஒரு தலைநகரம் போய் இன்னொரு தலைநகரமா என்று சொல்லி அன்றைக்கு மரத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தாராம். "நான் ஏன் போனேன்னா, வியன்னாவுல சேர்ந்தப்ப யாரும் கேட்கலை, மாஸ்கோவுக்குப் போனப்ப கேட்கலை. இவங்க கேட்டாங்க. கேட்டா பதில் சொல்லணும்ல" என்றார். டப்பாவை மூடி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மே 2, வியாழன் – ஓலொமோட்ஸ்

ரயில் பாதி வழியில் நின்றது. தண்டவாள வேலை, மிச்சத்துக்குப் பஸ் விடுகிறார்களாம். அறிவிப்பு செக்கில் மட்டும்தான். பையன் ஹெட்போனோடு தூங்கிக்கொண்டிருந்தான். எதிரே இருந்த பெரியவர் என் பெட்டியை எடுத்துக்கொண்டு "பஸ், பஸ்" என்று முன்னால் நடந்தார். பையனை எழுப்பி ஓடிப்போய் ஏறினோம். ஒன்றரை மணி நேரம் தாமதம். பஸ்ஸில் ஒருத்தர்கூடச் சத்தம் போடவில்லை. எல்லாரும் வீட்டில் இருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

பிராகில் நான் பார்க்காததை ஓலொமோட்ஸின் மேல்சதுக்கத்தில் பார்த்தேன். ஒரே இடத்தில் நின்று திரும்பினால் போதும். ஒரு பக்கம் 35 மீட்டர் உயரத் திரித்துவத் தூண், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. 1754ல் அதைப் பிரதிஷ்டை செய்தபோது வியன்னாவில் இருந்து மகாராணி மரியா தெரேசாவே வந்திருந்தார். இன்னொரு பக்கம் நகர மண்டபத்துக் கடிகாரம். போரில் உடைந்ததை 1950களில் திரும்பக் கட்டியபோது பழைய புனிதர்களுக்கும் அரசர்களுக்கும் பதில் தொழிலாளிகளை வைத்துவிட்டார்கள். கீழே மொசைக்கில் ஒருவன் ஸ்பானரோடு, இன்னொருவன் சோதனைக் குடுவையோடு. மதியம் 12 மணிக்குச் சம்மட்டிக்காரனும் விளையாட்டு வீரனும் சுற்றி வருவார்களாம். பஸ் தாமதத்தில் அது தப்பிவிட்டது.

மே 3, வெள்ளி – ஓலொமோட்ஸ்

மதியம் 12 மணிக்கே போய் நின்றேன். ஏழு நிமிடம் பொம்மை சுற்றியது. பக்கத்தில் ஒரு ஸ்லோவாக்கியக் குடும்பம். 1993 ஜனவரி 1 வரைக்கும் ஒரே நாட்டுக்காரர்கள். அவர்கள் ஸ்லோவாக்கில் கேட்டார்கள், ஐஸ்க்ரீம் கடைக்காரர் செக்கில் பதில் சொன்னார். இரண்டு பக்கமும் அதை ஒரு விஷயமாகவே எடுக்கவில்லை. ஸ்லோவாக்கியா யூரோவுக்கு மாறிவிட்டது. குடும்பத் தலைவி பணப்பையில் இரண்டு அறை வைத்திருந்தார்.

த்வரூஷ்கி என்ற சீஸ் வாங்கினோம். பக்கத்து லோஷ்டிட்ஸே ஊரில் செய்வது. மஞ்சளாக, வட்டமாக, பிசுக்கென்று இருக்கும். கொழுப்பு ஒரு சதவீதம்கூட இல்லை. கருவாட்டுக் கடைக்கு ஈடான வாடை. ஆனால் வெங்காயமும் கடுகும் சேர்த்துக் ரை என்ற தானியத்து ரொட்டியில் வைத்தால் அருமையாக இருக்கிறது. இதன் பெயரை 2010ல் ஒன்றியமே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. இந்த வட்டாரத்துக்கு வெளியே செய்து ஓலொமோட்ஸ் பெயரில் யாரும் விற்க முடியாது. ஒரு பெயரைப் பறித்த அதே கை இன்னொரு பெயருக்குக் காவல் நிற்கிறது. பாட்டியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தையில் காய் விற்ற விவசாயி பிப்ரவரியில் டிராக்டரை எடுத்துக்கொண்டு பிராக் போனவர். உக்ரைன் தானியம், பிரஸ்ஸல்ஸ் போடுகிற சுற்றுச்சூழல் விதிகள், நிரப்ப வேண்டிய காகிதம் என்று மூன்றையும் விரல் விட்டு எண்ணினார். அப்படியென்றால் வெளியே வந்துவிடலாமா என்று பையன் கேட்டான். அவர் ஒரு கட்டு முள்ளங்கியை எடைத்தட்டில் வைத்தபடியே தலையாட்டி மறுத்தார். "வெளிய வந்தா இதே விதியைத்தான் அனுசரிக்கணும், நம்ம சரக்கு போறது ஜெர்மனிக்கு. உள்ள இருந்தா கத்தவாவது முடியும்." அவர் தலைக்கு மேல் ஜூன் தேர்தலின் விளம்பரப் பலகை. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 2014ல் இந்த நாட்டில் வாக்களித்தது 18 சதவீதம், 2019ல் 28 சொச்சம். கத்தலாம் என்று சொன்னவரிடம் இந்த முறை போடுவீர்களா என்று கேட்காமல் வந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

மே 4, சனி – செஸ்கி தியெஷின்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் செக், அந்தப் பக்கம் போலந்து. ஒரே ஊராக இருந்தது. 1920ல், முதல் உலகப் போரில் வெற்றி பெற்ற வல்லரசுகள் ஓல்ஸா ஆற்றை எல்லையாக்கின. ரயில் நிலையம் செக்குக்கு, கோட்டையும் பழைய கடைவீதியும் போலந்துக்கு. ஸ்டேஷனில் இருந்து பாலத்தைத் தாண்டி ஓடிய டிராமை அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள்.

2007 டிசம்பர் 21ல் இந்தப் பாலத்தில் சோதனை நின்றது. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகத் திரும்ப அடைத்தபோதுதான் திறந்திருந்ததன் அருமை தெரிந்தது என்று தேநீர்க் கடைப் பெண் சொன்னாள். வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம் என்று இருந்தவர்கள் கரையில் நின்று கையசைத்தார்கள். போலந்துக் கரையில் ஒரு பேனர் கட்டினார்கள்: "உன்னை நினைச்சு ஏங்குறேன், செக்கே." சில நாளில் செக் கரையில் பதில் தொங்கியது: "நானும்தான், போலந்துக்காரா." அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். பழைய படுக்கை விரிப்பில் பெரிய எழுத்தில் எழுதியது. நடுவில் ஓடுகிற ஆறு படத்தில் ரொம்பக் குறுகலாகத் தெரிந்தது.

பாலத்தில் நான் பாஸ்போர்ட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன். நடுவில் நட்சத்திர வட்டம் போட்ட ஒரு நீலப் பலகை, அவ்வளவுதான். ஒரு பாட்டி சக்கரப் பையை இழுத்துக்கொண்டு முந்திப் போனார். "உள்ள வைங்க பெரியம்மா, யாரும் கேட்க மாட்டாங்க" என்றான் பையன்.

பிராகில் கிளம்பும்போது நம் பாட்டி சொல்லி அனுப்பியிருந்தார், அந்தப் பக்கம் போனால் வெண்ணெய் வாங்கி வா என்று. போலந்தில் சாப்பாட்டுச் சாமானுக்கு வரி குறைவு, 5 சதவீதம். செக்கில் 12. நிறையப் பேர் வண்டி போட்டு வந்து வாங்கிப் போகிறார்கள். செக் பொட்டலம் 250 கிராம், போலந்தில் 200. அதையும் கணக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். நாலு பொட்டலம் எடுத்தேன். மேலே மாஸ்வோ, 82 சதவீதம் என்று இருந்தது. காகிதத்தோடு ஓரத்தை நசுக்கிப் பார்த்தேன். நல்ல வெண்ணெய். கொருனாவில் வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் போலந்துக் காசான ஸ்வாட்டியில் தந்தார்கள்.

திரும்பி ஸ்டேஷனுக்கு வந்தபோது ரயிலுக்கு 50 நிமிடம் இருந்தது. வெயிலில் பை சூடேறி வெண்ணெய் இளக ஆரம்பித்திருந்தது. பொட்டலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை ரொட்டிக் கடைக்காரம்மா கவனித்திருக்கிறார். கையை நீட்டினார். நாலையும் வாங்கித் தன் குளிர்பெட்டியில் பால் பாட்டில்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, எந்த ரயில் என்று கேட்டு, நேரத்தை ரசீதுக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. ரயில் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அவரே பிளாட்பாரத்துக்கு வந்து, செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றிய பொட்டலத்தை என் கையில் வைத்தார். கல் மாதிரி இறுகியிருந்தது.